முன்னாலேயே சொன்னவரின் ஏறுகொழுப்பு

முன்னாலேயே சொன்னவர்கள் என்று ஓர் இனம் உலகத்தில் இருக்கிறது. இவர்களை ஜோதிடர்களோடு சேர்த்துவிடாதீர்கள். ஜோதிடர் பாவம், நடப்பதற்கு முன்னால் சொல்லித் தொலைக்கிறார். நடக்காமல் போனால் வசவும் வாங்கிக்கொள்கிறார். நம்முடைய இனத்துக்கு அந்த அபாயமே கிடையாது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இவர்களிடத்தில் யானை வந்து, போய், அது போட்ட சாணமும் காய்ந்த பிறகுதான் மணி அடிக்கும். ஆனால் அடிக்கிற அடியில், மணிதான் யானையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தது என்று நீங்களே நம்பிவிடுவீர்கள்.

எங்கும் இருப்பார்கள். திடீர் மழையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, உங்களோடு சேர்ந்து சொட்டச் சொட்ட நனைந்துகொண்டே, "காலையிலயே சொன்னேன்" என்பார்கள். சொன்னவர் ஏன் குடை கொண்டுவரவில்லை? கேட்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். குடை கொண்டுவந்தால் மழை வராது என்பதையும் அவர் முன்னாலேயே சொல்லியிருக்கிறாராம்.

இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒன்றைப் பல வருஷமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அவர் பெயர் ரோகேலியோ பசானி. ரொசாரியோ நகரத்தில், பரானா ஆற்றைப் பார்த்தாற்போல நிற்கும் எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில், பழ ஈக்களின் கொழுப்பை ஆராயும் குழுவுக்கு அவர்தான் தலைவர். என் பெயர் தெல்மா. கொழுப்பை உடைத்து, எடைபோட்டு, இது இன்ன வகை, இது இவ்வளவு என்று திரையில் கோட்டுமலைகளாக வரைந்து காட்டும் இயந்திரம் ஒன்று கீழ்த்தளத்தில் இருக்கிறது. அதை ஓட்டுவது என் வேலை. மாடியில் அவர்கள் ஈ வளர்ப்பார்கள், நசுக்குவார்கள், நான் கீழே நிறுப்பேன்.

ஈக்கு என்ன கொழுப்பு என்று சிரிக்கிறீர்களா? அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் அந்தப் பொடி ஈயின் வாழ்க்கையே கொழுப்பு வரவு செலவுதான். முட்டைக்குள் தாய் கட்டிக்கொடுத்த கொழுப்பு இருக்கும். முட்டை உடைந்து புழு வந்ததும், மக்காச்சோள மாவும் ஈஸ்ட்டும் போட்டு நாங்கள் கிண்டிவைத்த களிக்குள் தலையை விட்டு, தின்று தின்று தின்று, கண்டதையும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். தின்று முடித்த புழு களியை விட்டு வெளியேறி, சீசாவின் கண்ணாடிச் சுவரில் ஏறி, காய்ந்த இடமாகப் பார்த்துக் கூடு கட்டும். கூட்டுக்குள் வாய் அடைத்துப் போகும். அப்புறம் ஒரு பருக்கை உள்ளே போகாது. சேர்த்து வைத்ததைச் செலவழித்தே பழைய உடம்பைக் கரைத்து, காலும் கண்ணும் இறக்கையுமாகப் புது உடம்பு வார்த்துக்கொண்டு ஈயாக வெளியே வரும். எந்தப் பருவத்தில் எந்தக் கொழுப்பு ஏறுகிறது, எது இறங்குகிறது, எது வேறொன்றாக மாறுகிறது என்பதைத்தான் அயெலென் என்ற பெண் தன் டாக்டர் பட்டத்துக்காக ஈ ஈயாக, புழு புழுவாக அளந்துகொண்டிருந்தாள். பொறுமைசாலி. நான் இருபது மாதிரி கேட்டால் நாற்பது கொண்டுவருவாள். பசானி அவளுக்கு வழிகாட்டி.

வழி எப்படிக் காட்டுவார்? அதைச் சொல்லாவிட்டால் இந்த இனத்தின் தொழில் நுணுக்கம் உங்களுக்குப் புரியாது. அயெலென் ஒரு சோதனை தொடங்கும்முன், இந்தக் கொழுப்பு கூட்டுப்புழுவில் கூடுமா குறையுமா என்று கேட்பாள். அவர் தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, ஆற்றுக்கு அக்கரையில் யாரோ கூப்பிடுவதுபோல ஜன்னலைப் பார்த்துவிட்டு, "பார்ப்போம்" என்பார். அவ்வளவுதான். ஆனால் திங்கட்கிழமை லிஃப்டில் ஒருவரிடம், "கூடும்போலத் தோணுது" என்பார். செவ்வாய்க்கிழமை படிக்கட்டில் இன்னொருவரிடம், "குறைஞ்சாலும் ஆச்சரியப்பட மாட்டேன்" என்பார். புதன்கிழமை என்னிடம் இறங்கி வந்து, "மாறாமலும் இருக்கலாம், தெல்மா" என்பார். மூன்று கதவையும் திறந்து வைத்துக்கொண்டு படுத்தவனுக்குத் திருடன் எது வழியாக வந்தால் என்ன? முடிவு வந்ததும் அந்தக் கதவுக்குரிய சாட்சியைத் தேடிப் பிடித்து, எல்லோர் முன்னிலும் நிறுத்தி, "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்பார்.

"நான் என்ன சொன்னேன்?" என்பது எப்பேர்ப்பட்ட கேள்வி, பாருங்கள். பதில் சொல்ல வேண்டியவனுக்கு நினைவில்லை. கேட்கிறவருக்கும் நினைவில்லை. சுற்றி நிற்கும் நமக்கோ சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும். ஆகவே எல்லோருமாகத் தலையை ஆட்டிவைப்போம். ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்டத்தில் எங்கள் ஆள் பெனால்டியை வெளியே உதைத்தால், "அவன் ஓடி வர்றப்பவே சொன்னேன்." கணக்குப் பிரிவு எல்விரா புருஷனை விட்டுப் பிரிந்தால், "கல்யாணத்துல கேக் வெட்டுறப்பவே சொன்னேன்." அந்தக் கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தி நெடுநேரம் பேசிய ஒரே ஆள் அவர்தான். அழுதுகொண்டே வேறு பேசினார்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றால் எங்கள் கூடத்தில் மாத்தே நேரம். இலையைச் சுரைக்குடுவையில் போட்டு, ஒருவர் வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கொடுக்க, ஒரே குழலில் ஆளுக்கொரு முறை உறிஞ்சி, குடுவை வட்டம் சுற்றும். கூடவே மூலைக்கடை பிஸ்கோத்து. மாட்டுக்கொழுப்பைத் தாராளமாகப் போட்டுப் பிசைந்து சுட்டது. பையின் காகிதமே கண்ணாடிபோலத் தெரியும் அளவுக்கு எண்ணெய் விடும். இதையெல்லாம் நடைவழியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். ஏனென்றால் ஈ அறைக் கதவில், "உள்ளே உண்ணவும் பருகவும் கூடாது" என்று பெரிய எழுத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அடியில் கையெழுத்து, ரோகேலியோ பசானி.

நோட்டீஸ் மற்றவர்களுக்கு. கையெழுத்துப் போட்டவருக்கு யார் நோட்டீஸ் ஒட்டுவது?

வெள்ளிக்கிழமை புழு ஏறும் நாளும்கூட. ஞாயிறு மாலை அயெலென் தாய் ஈக்களைப் புதுக் களியில் முட்டையிட விடுவாள். கணக்காக வெள்ளி மத்தியானம் புழுக்கள் சுவரேறத் தொடங்கும். அந்தக் காட்சி என்றால் பசானிக்கு உயிர். முட்டையைப் பார்க்க வரமாட்டார், கண் வலிக்கும். கூட்டுப்புழு அசையாது, சலிப்பு. ஈ பறந்துவந்து மூக்கில் உட்காரும், மரியாதை தெரியாத பிராணி. ஏறும் புழுதான் அவருக்குப் பிடித்தது. ஒரு கையில் பிஸ்கோத்தோடு உள்ளே வந்து, "நகரும்மா, நானே எடுக்கிறேன், இதுக்கெல்லாம் பழகின கை வேணும்" என்று நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். புழுவை எடுக்கச் சின்ன வண்ணப் பிரஷ் ஒன்று உண்டு. நுனி ஈரமாக, கூராக இருந்தால்தான் புழு அடிபடாமல் ஒட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் இருக்கும். பழகின கைக்குத் தண்ணீர் எதற்கு? பிரஷ்ஷை உதட்டில் வைத்து ஓர் இழுப்பு இழுப்பார், நுனி ஊசிமாதிரி ஆகும். ஒரு புழு. ஒரு கடி பிஸ்கோத்து. ஓர் இழுப்பு. இன்னொரு புழு. எடுத்த புழுக்களை அயெலென் தண்ணீரில் கழுவித்தான் எனக்கு அனுப்புவாள். கொழுப்பு வெறும் தண்ணீரில் போகுமா? கறிச்சட்டி தேய்த்தவர்களைக் கேளுங்கள்.

ஆயிற்றா. அந்த மாதிரிகள் என் இயந்திரத்துக்கு வந்தபோது, திரையில் யாரும் எதிர்பாராத இடத்தில் ஒரு கோட்டுமலை எழுந்தது. முட்டையில் இல்லை. இளம் புழுவில் இல்லை. ஏறும் புழுவில் மட்டும் ஜம்மென்று நிற்கிறது. கூட்டுப்புழுவில் மறுபடியும் காணோம். புத்தகங்களைப் புரட்டினால், அது அசைபோடும் மிருகங்களின் வயிற்றில் உண்டாகிற வகைக் கொழுப்பு. ஈ எங்கே அசைபோட்டது?

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றிருப்பார்கள். பசானி திரையை ஒரு பார்வை பார்த்தார், என்னைப் பார்த்தார், "நான் என்ன சொன்னேன்?" என்றார். என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை, ஆகவே தலையாட்டினேன். "ஈங்கிறது ஒரு சின்ன மாடுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அவர் வாயில் மாடு வந்ததெல்லாம் தட்டிலிருந்துதான்.

அதற்கப்புறம் காரியங்கள் வேகமாக நடந்தன. சுவரேறும் தெம்பைப் புழுவுக்குக் கொடுப்பது இந்தக் கொழுப்புதான் என்று அவரே முடிவு செய்தார். அதற்கு ஏறுகொழுப்பு என்று பெயரும் வைத்தார். மெந்தோசாவில் நடந்த மாநாட்டில் மேடையேறி, மாட்டுக்கும் ஈக்கும் நடுவே இயற்கை மறைத்து வைத்திருந்த உறவைத் தாம் வெகுநாளாகவே மோப்பம் பிடித்திருந்ததாகப் பேசி, கைதட்டு வாங்கிவந்தார். கூட்டத்தில் சிலர் எழுந்து நின்றே தட்டினார்களாம். எழுந்து நிற்பார்கள் என்பதும் அவருக்கு முன்னாலேயே தெரியுமாம்.

அவர் மெந்தோசாவில் இருந்த அந்த வெள்ளிக்கிழமைதான் வினையாயிற்று. அன்று அயெலென் தனியாக, தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் புழு எடுத்தாள். ஏறுகொழுப்பு பூஜ்யம். மலையிருந்த இடம் மொட்டைத் தரை. மறு வெள்ளி பசானி திரும்பிவந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மலையும் திரும்பிவந்து உட்கார்ந்துகொண்டது. அவள் இரண்டு படத்தையும் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பார்க்கக்கூட இல்லை. "உன் கை சரியில்லை. புழுவை நசுக்கிடறே. நீ இதுக்கு லாயக்கில்லைன்னு நான் ஆரம்பத்திலேயே சொன்னேன்" என்றார். அதோடு நிற்கவில்லை. ஆய்வேட்டின் நடுநாயகமாக ஏறுகொழுப்பு இருக்க வேண்டும், அது இல்லாத ஏட்டில் தம் கையெழுத்து விழாது என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவளுக்கு உதவித்தொகை அந்தக் கோடையோடு முடிகிறது. கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் இல்லை. இத்தனை வருஷத்து ஈயும் புழுவும் வீண். கையெழுத்து வேண்டுமென்றால் இல்லாத ஒரு கொழுப்பைத் தன் பெயரில் எழுதி, வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்க வேண்டும். இதற்கு நடுவே, அவள் உண்மையாகவே கண்டுபிடித்தது ஒன்று இருந்தது, அது யார் கண்ணிலும் படவில்லை. தின்கிற வயதில் புழுவின் கொழுப்பு அது தின்ற களியைப் போலவே இருக்கிறது. வாயை மூடிக் கூட்டுக்குள் போன பிறகுதான் அதையெல்லாம் மெல்ல மெல்லத் தன் சொந்தக் கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது. எவ்வளவு அழகான சங்கதி. பசானிக்கு அது பிடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டால்தான் சொந்தமாக ஏதாவது உருவாகும் என்ற செய்தி அவருக்கு எப்படிப் பிடிக்கும்?

ஒரு நாள் காலை அவள் என்னிடம் வந்து ஒரு குப்பியை நீட்டினாள்.

"இதையும் ஓட்டிடுங்க, தெல்மா. என்னன்னு மட்டும் கேக்காதீங்க."

ஓட்டினேன். ஏறுகொழுப்பு. சின்ன மலை இல்லை, திரைக்கு வெளியே போகிற மலை. எந்தப் புழு இவ்வளவு தெம்போடு ஏறியது என்று கேட்டேன். அவள் பையிலிருந்து மூலைக்கடைக் காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இரண்டு பேருமே சிரித்தோம். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. பிறகு பார்த்தால் அவள் சிரிப்பது நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"போய்ச் சொல்லும்மா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றேன்.

"சொன்னா கேப்பாரா? தப்பு அவர் உதட்டுலன்னு நான் சொல்லணும். சொன்ன நிமிஷம் பிஸ்கோத்தைத் தின்னது நான்தான்னு ஆயிடும்."

அவள் சொன்னதும் நியாயம்தான். இந்த இனத்தைத் திருத்தியவர் யாரும் இல்லை. ஆனால் அயெலென் புழுவின் குணம் அறிந்தவள். புழுவைத் தள்ளினால் சுருண்டுகொள்ளும், நுனியைக் காட்டினால் தானே ஏறும். மறுநாள் அவர் அறைக்குள் போய் அவள் செய்த காரியத்தை அப்படியே எனக்கு நடித்துக் காட்டினாள். கதவைத் திறந்ததும் சொன்னாளாம்:

"ரோகேலியோ, நீங்க முன்னாலயே சொன்னது சரியாப் போச்சு."

"சொன்னேன்ல?" என்று நிமிர்ந்தாராம் அவர். அதற்குப் பிறகுதான், "எது?" என்று கேட்டாராம்.

"ஈ அறைக்குள்ள திங்கிறது ஒரு நாள் வினையாகும்னு. கையெழுத்துப் போட்டு கதவுலயே ஒட்டியிருக்கீங்களே. அது நடந்தே போச்சு."

படங்களை வரிசையாக விரித்தாள். பிஸ்கோத்து, அவர் எடுத்த புழு, அவள் எடுத்த புழு. அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். வெகுநேரம் பார்த்தார். முகம் வெளுத்து, சிவந்து, பிறகு மெதுவாகப் பழைய நிறத்துக்கு வந்து, தலை ஒருபக்கம் சாய்ந்தது. "அந்த நோட்டீஸை ஒட்டுறப்பவே எனக்கு மனசுல பட்டுது" என்றார். அன்று மாலையே கையெழுத்து விழுந்தது. ஏறுகொழுப்புக்கு ஏட்டில் அரைப் பக்கம், இப்படியும் கலப்படம் நேரலாம் என்ற எச்சரிக்கையாக. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் நடைவழியில் எங்களையெல்லாம் நிறுத்திவைத்து, பிரஷ்ஷை வாயில் வைக்கும் கெட்ட பழக்கம் இந்தத் தலைமுறைக்கு எங்கிருந்துதான் வந்ததோ என்று அரைமணி நேரம் கண்டித்தார். குழிக்குள் விழுந்தவர் மீசையில் மண் ஒட்டவில்லை என்பது மட்டுமல்ல, குழி வெட்டியதே நாங்கள்தான். நாங்கள் வாயை மூடிக்கொண்டு மாத்தே உறிஞ்சினோம். அயெலெனுக்குக் காரியம் ஆனால் சரி.

அவளுடைய வாய்மொழித் தேர்வு எல்லோரும் வந்து உட்காரக்கூடிய பெரிய கூடத்தில் நடந்தது. ரெகோன்கிஸ்தாவிலிருந்து அவள் அம்மா பஸ் பிடித்து வந்திருந்தார். வாசலில் அவள் தோழர்கள் முட்டையும் மாவும் கடுகுச் சாந்துமாகத் தயாராக நின்றார்கள். தேறி வெளியே வருகிறவரைத் தலைமுதல் கால்வரை அவற்றால் குளிப்பாட்டாவிட்டால் எங்கள் ஊரில் பட்டம் செல்லாது. பசானி புதுச் சூட்டு போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தேர்வாளர்களில் மூத்தவர் லா பிளாத்தாவிலிருந்து வந்த நெலிதா எச்செவெர்ரி. குறைவாகப் பேசுகிற, நிறைய எழுதிக்கொள்கிற அம்மாள். அயெலென் நன்றாகப் பேசினாள். முட்டையிலிருந்து ஈவரை கொழுப்பு எப்படி வேஷம் மாறுகிறது என்று படிப்படியாக ஏறி வந்தாள். கடைசியில் அந்த அரைப் பக்கத்தில் எச்செவெர்ரியின் விரல் நின்றது.

"இந்த மாட்டுக்கொழுப்பு விஷயத்தை முதல்ல கண்டுபிடிச்சது யாரு?"

அயெலென் வாயைத் திறந்தாள். அதற்குள் முன்வரிசையில் புதுச் சூட்டு எழுந்து நின்றுவிட்டது. வழிகாட்டி தேர்வில் வாய் திறக்கக் கூடாது என்பது வழக்கம். வழக்கம் யாருக்கு?

"நான் முன்னாலயே சொல்லியிருந்தேன், நெலிதா."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"மெந்தோசாவுக்கு முன்னாலயா, அப்புறமா?"

பாருங்கள், வாழ்நாளில் முதல்தடவையாக இந்த மனிதர் முன்னால் மூன்று கதவு இல்லை. இரண்டுதான். அப்புறம் என்று சொன்னால், மெந்தோசாவில் தெரியாமல் பேசினார், தப்புச் செய்தார், பிறகு தெரிந்துகொண்டார் என்று ஆகும். அது ஒரு குற்றமா? அறிவியல் என்பதே அந்த மாதிரித் தப்புகளால் கட்டின வீடுதான். எச்செவெர்ரியும் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார். முன்னால் என்று சொன்னால், பொய் என்று தெரிந்தே மேடையேறினார் என்று ஆகும். ஒரு வார்த்தை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்புறம்னு சொல்லுங்க ஐயா, சொல்லித் தொலைங்க என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அயெலெனுக்கு அவரைக் கவிழ்க்க வேண்டுமென்றால் அதுதான் நேரம். சும்மா நின்றால் போதும். அவள் அதைச் செய்யவில்லை.

"டாக்டர், அப்போ அவருக்குத் தெரியாது," என்றாள். "எங்க யாருக்குமே தெரியாது. அவர் மெந்தோசாவுல இருந்து திரும்பி வந்த பிறகுதான் நான் பிஸ்கோத்தை..."

"எனக்குத் தெரியும்" என்றார் பசானி.

எச்செவெர்ரி அவரையே பார்த்தார். "தெரிஞ்சே பேசினீங்களா?"

"தெரிஞ்சேதான். எத்தனை பேர் கண்டுபிடிக்கிறாங்கன்னு பார்க்க."

"எங்க கூடத்துல ரெண்டு பிள்ளைங்க மாசக்கணக்கா அதைத் தேடினாங்க, ரோகேலியோ. ஒரு பொண்ணு கிடைக்கலைன்னு படிப்பையே விட்டுட்டுப் போயிட்டா."

இங்கேயாவது உட்கார்ந்திருக்கலாம். தலையைக் குனிந்திருக்கலாம். அவர் தலை ஒருபக்கம் சாய்ந்தது, கண் சுருங்கியது.

"கிடைக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயர் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்து இன்றைக்கும் வருகிறது. பொய்யன் என்று பெயர் எடுத்தாலும் எடுப்பார், தெரியாதவன் என்று எடுக்கமாட்டார் இந்த மனிதர். முழங்காலளவுத் தண்ணீரில், காப்பாற்றக் கை நீட்டிய அயெலெனைத் தள்ளிவிட்டு, மூழ்கத்தான் வந்தேன் என்று மூழ்கியவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

அயெலென் உயர்ந்த மதிப்பெண்ணோடு தேறினாள். வாசலில் முட்டை பறந்தது, மாவு பறந்தது. அம்மாவின் நல்ல சட்டையும் போயிற்று. தலையில் மஞ்சள் கரு வழிய, கண் மட்டும் தெரிய நின்றவள், படியிறங்கி நழுவப் பார்த்த பசானியை ஓடிப்போய் இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொண்டாள். நன்றிக்கா, கோபத்துக்கா, எனக்கு இன்னும் தெரியாது. விட்டு விலகியபோது சூட்டின் நிறமே தெரியவில்லை.

"இப்படி ஆகும்னும் முன்னாலயே தெரியுமா, ரோகேலியோ?" என்று கேட்டாள்.

"காலையிலயே தெரியும்."

"அப்புறம் எதுக்குப் புதுச் சூட்டு?"

அவர் கடுகை வழித்துக்கொண்டே நின்றார். பதிலுக்கு என்னைப் பார்த்தார், நான் இந்தத் தடவை தலையாட்டவில்லை.

மாநாட்டுக்காரர்கள் அவர் பேச்சை நடவடிக்கைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். தலைமைப் பதவியும் போயிற்று. இப்போது ஆற்றுப் பக்கம் ஜன்னல் இல்லாத சிறிய அறை. அயெலென் லா பிளாத்தாவில், எச்செவெர்ரியின் கூடத்தில், கூட்டுப்புழு வாயை மூடிக்கொண்டு செய்யும் வேலையைத் தொடர்ந்து அளந்துகொண்டிருக்கிறாள். போன வெள்ளி நடைவழியில் பசானியைப் பார்த்தேன். பொட்டலத்தை நீட்டினார். "என்னை எடுத்துடுவாங்கன்னு மெந்தோசாவுலயே சொன்னேன், தெல்மா" என்றார். குடுவை வட்டத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் நின்றுகொண்டே ஒரு பிஸ்கோத்து எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டேன்.

இப்போது உங்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரம் பசானியைப் பார்த்துச் சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் ஒரு சின்னச் சந்தேகம். பிரஷ்ஷை உதட்டில் வைத்தார் என்று நான் எழுதினேனே, அந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது? "பிஸ்கோத்துன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்" என்றுதானே? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தெரிந்திருந்ததா, தெரிந்த பிறகு தெரிந்திருந்ததா? இந்தக் கதை உங்கள் மேல்தான் வந்து முடியும் என்பதும் முதல் வரியிலேயே தெரியும் என்கிறீர்கள். சரி. உதட்டைத் துடைத்துக்கொள்ளுங்கள், தூள் ஒட்டியிருக்கிறது.